வான், கார் பாட்டுச் செற்: ஸ்பீக்கரை எரிக்காமல் சத்தத்தைக் கூட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதிக்கரையில் வாகன வயரிங் வேலை செய்கிறேன். வைகாசி மாதம் எனக்கு இரண்டு தரம் வேலை வரும். வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னால் ஹையேஸ் வான்காரர் வந்து, "சத்தம் காணாது, கூட்டித் தா" என்பார்கள். பொங்கல் முடிந்து இரண்டு நாளில் அதே வான்கள் திரும்பி வரும். "ஒரு பக்கம் பாடுதில்லை, ஒருக்கா பார்." கோயிலுக்குப் போன வானில் கொயில் எரிந்திருக்கும்.

கேட்கிற கேள்விகள் வருடாவருடம் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். செற் என்று நான் சொல்வது டாஷ்போர்டில் இருக்கிற பாட்டுப் பெட்டியை. அம்ப் என்பது சீற்றுக்குக் கீழே தனியாகப் பூட்டுகிற அம்பிளிபயர். கொயில் என்பது ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுற்று.

செற்றின் அட்டைப் பெட்டியில் 50×4 வாற் என்று போட்டிருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் சத்தம் காணாது?

அந்த 50 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பார்த்தால் விளங்கும். இன்ஜின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது 14.4 வோல்ற் அளவுதான். செற்றுக்குள் இருக்கும் சின்ன ஐ.சி. (சிப்) அதைத் தாண்டி ஸ்பீக்கருக்கு எதையும் கொடுக்க முடியாது. ஸ்பீக்கர் 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் பிரியுங்கள். 51.8 வரும். அட்டையில் அடித்த 50 இதுதான். ஆனால் அந்த அளவு எப்போது வரும் தெரியுமா? பாட்டின் அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டு, வெறும் இரைச்சலாகிப் போன பிறகு. சுத்தமாகப் பாடும்போது அதில் பாதி, 25 வாற். ஐ.சி.யில் வீணாவதும் போனால் ஒரு சனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் போகிற வழிக்கு, 18, 20 வாற் மிஞ்சும்.

அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஓர் இலக்கம், தொடர்ந்து ஓடக்கூடிய உண்மையான வாற், இருக்கும். அதை மட்டும் நம்புங்கள். ஸ்பீக்கருக்கும் அம்புக்கும் இதுவே விதி. உள்ளங்கை அளவு அம்பில் 2000 வாற் என்று எழுதியிருந்தால், அதன் பியூஸைப் பாருங்கள். 20 அம்பியர் பியூஸ் போட்ட அம்ப், 14 வோல்ற்றில் எடுக்கக்கூடிய மின்சாரமே 280 வாற்தான். உள்ளே 280 போய் வெளியே 2000 வருமென்றால், நுரைச்சோலையில் இருந்து லக்சபான வரைக்கும் மின்நிலையங்களை மூடிவிடலாம்.

20 வாற்றை 40 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகுமா?

ஆகாது. வாற் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். "ம், கொஞ்சம் கூடியிருக்கு" என்று சொல்லும் அளவு, அவ்வளவுதான். காதுக்கு இரட்டிப்பாகக் கேட்க 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாற் வேண்டும். 20 வாற் 200 ஆக வேண்டும்.

இதையே மறுபக்கமாகவும் பாருங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலம். கரண்டும் இல்லை, ரோர்ச் பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்துச் செய்தி கேட்டோம். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற். முற்றத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது. கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். வாற் கொஞ்சமாக இருந்தாலும், சுற்றி இரைச்சல் இல்லாவிட்டால் நன்றாகக் கேட்கும். ஓடுகிற வானில் உங்கள் பாட்டு டயர் இரைச்சலோடும் இன்ஜின் இரைச்சலோடும் சண்டை பிடிக்கிறது. அந்தச் சண்டையை வாற்றால் மட்டும் வெல்லப் பார்த்தால் காசுதான் போகும்.

அப்படியென்றால் ஸ்பீக்கர் எதனால் எரிகிறது? பெரிய அம்ப் பூட்டினதாலா?

பெரும்பாலும் இல்லை. நான் கழற்றி எறிந்த ஸ்பீக்கர்களில் கூடுதலானவை சின்ன அம்பை, அல்லது வெறும் செற்றை, கடைசி வரைக்கும் முறுக்கி எரிந்தவை.

வைக்கோல் ஏற்றிய ட்ரக்டர் பெட்டி ஒன்று, தாழ்ந்த பாலைமரக் கிளைக்குக் கீழே போகிறது என்று வையுங்கள். சுமை கிளையைவிட உயரமென்றால் மேல்பக்கம் சீவுப்பட்டுத் தட்டையாகிவிடும். அம்புக்கும் ஓர் உயரம் உண்டு. அதற்கு மேலே போகிற அலையின் தலை சீவுப்படும். மேலேயும் கீழேயும் சீவுப்பட்ட அலை கிட்டத்தட்டச் சதுரம். ஒரே உயரமுள்ள வட்டமான அலையைவிடச் சதுர அலை இரண்டு மடங்கு வாற்றைக் கொண்டுபோகும். 20 வாற் செற் என்று நினைத்துக்கொண்டு 40 வாற்றைக் கொயிலுக்குள் ஊற்றிக்கொண்டிருப்பீர்கள், அதுவும் பாட்டுக்குப் பாட்டு மூச்சுவிட இடைவெளி இல்லாமல்.

ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் ஒலியாகிறது. மீதி எல்லாம் சூடு. கொயில் என்பது தலைமயிரைவிடக் கொஞ்சம் தடித்த செப்புக் கம்பி, பசையால் ஒட்டிச் சுற்றியது. சூடு கூடினால் பசை இளகும், சுற்று அவிழும், காந்தத்தில் உரசும், கடைசியில் கம்பி அறும். முதலில் போவது ட்வீற்றர், கூர்மையான ஒலிகளைப் பாடுகிற சின்ன ஸ்பீக்கர். சீவுப்பட்ட அலையில் பாட்டில் இல்லாத கூர்மையான ஒலிகள் புதிதாகப் பிறக்கின்றன. அவையெல்லாம் நேராக ட்வீற்றருக்குத்தான் போகும். அதன் கொயில் நூல் மாதிரி. தாங்காது.

ஸ்பீக்கர் சாக இன்னொரு வழியும் இருக்கிறது: சக்திக்கு மேலே முன்னும் பின்னும் பாய்ந்து கிழிவது. அது பேஸால் வருவது. கீழே தனியாக வருகிறது.

சத்தம் உடைகிறது என்பதைக் காதால் எப்படிப் பிடிப்பது?

நாதஸ்வரமும் தவிலும் உள்ள ஒரு மல்லாரியைப் போடுங்கள். இதைவிட நல்ல சோதனைக் கருவி என்னிடம் இல்லை. வொலியூமை மெதுவாகக் கூட்டுங்கள். தவிலின் வலந்தலை 'தக்' என்று தனியாகத் தெறிக்கிற வரைக்கும் பயமில்லை. அந்தத் தெறிப்பு மழுங்கி, நாதஸ்வரத்தின் மேல் ஒரு சரசரப்பு, தகரத்தில் மணல் கொட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டால், அதுதான் எல்லை. இரண்டு புள்ளி குறைத்து, அந்த இலக்கத்தை மனதில் வைத்திருங்கள். 40இல் 31 என்றால் 31. வண்டியை யார் ஓட்டினாலும் 31.

இப்போது வரும் குத்துப்பாட்டுகளை வைத்துச் சோதிக்காதீர்கள். பல பாட்டுகள் ஒலிப்பதிவிலேயே நெருக்கி, தலை சீவித்தான் வருகின்றன. உடைவது பாட்டா, செற்றா என்று தெரியாது.

காசு செலவழிக்காமல் முதலில் என்ன செய்யலாம், அண்ணை?

போனைப் பாருங்கள். புளூடூத்தில் போடுகிறவர்களில் பாதிப்பேர் போனின் வொலியூமைப் பாதியில் வைத்துவிட்டுச் செற்றை முறுக்குகிறார்கள். போனை உச்சத்தில், அல்லது அதற்கு ஒரு படி கீழே வையுங்கள். போனில் இருக்கும் ஈக்குவலைசரை நிறுத்துங்கள். செற்றில் பேஸ் பூஸ்ட், லவுட்னஸ் இரண்டையும் நிறுத்துங்கள். பேஸ் பூஸ்ட் 6 டெசிபல் என்றால் அந்த இடத்தில் நான்கு மடங்கு வாற் கேட்கிறீர்கள். 20 வாற் செற் அதற்கு எங்கே போகும்? நிறுத்தினால் முதலில் சப்பென்று இருக்கும். பிறகு வொலியூமை இன்னும் கூட்டலாம் என்று தெரியவரும்.

அடுத்தது வயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கதவின் ஸ்பீக்கரில் கூட்டலும் கழித்தலும் மாறியிருந்தால், ஒரு பக்கம் முன்னே தள்ளும்போது மறுபக்கம் பின்னே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். போன மாதம் மாங்குளத்தில் இருந்து ஒரு டொல்பின் வான் வந்தது. புது ஸ்பீக்கர், புது அம்ப், எல்லாம் இருந்தும் பேஸ் இல்லை. இடது கதவின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டேன். வான்காரர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அம்ப் வாங்கின காசை நினைத்திருப்பார்.

நீங்களே பார்க்கலாம். ஸ்பீக்கரின் வயர் இரண்டையும் செற்றில் இருந்து கழற்றிவிட்டு, ஒரு 1.5 வோல்ற் ரோர்ச் பற்றரியை ஒரு நொடி தொட்டுவிடுங்கள். பற்றரியின் கூட்டல் ஸ்பீக்கரின் கூட்டலில் பட்டால் ஸ்பீக்கரின் கடதாசி (கோன்) வெளியே தள்ளும். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

கதவுக்குள் ஒட்டுகிற கறுப்பு ஷீற் உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும். என்னைக் கேட்டால் அம்ப் வாங்க முன்னம் செய்யவேண்டிய வேலை இதுதான். ஆனால் இதைக் கேட்டால் பொடியள் முகத்தைச் சுழிப்பார்கள். ஷீற் வெளியே தெரியாது, நீல லைற்றும் எரியாது.

ஒரு பழைய ரவுண் ஏஸின் கதவு மட்டையைக் கழற்றுங்கள். முதலில் மடியில் விழுவது முத்தையன்கட்டுப் பக்கத்துச் செம்புழுதி. அப்புறம் கிழிந்து தொங்கும் ஒரு பொலித்தீன். அதற்குப் பின்னால் தகரத்தில் கையை முழங்கை வரை விடக்கூடிய ஓட்டைகள் இரண்டு, மூன்று. ஸ்பீக்கரின் கடதாசி முன்பக்கமாகத் தள்ளுகிற காற்று ஒன்று, பின்பக்கமாக வருகிற காற்று ஒன்று. இரண்டும் எதிரெதிர். அந்த ஓட்டைகள் வழியாக இரண்டும் சந்தித்துவிட்டால் பேஸ் அங்கேயே செத்துவிடும். ஓட்டைகளை மூடிவிட்டால் அதே 20 வாற்றில் தவிலின் தொப்பி வயிற்றில் வந்து இடிக்கும்.

பியூட்டைல் ஷீற் என்று கேட்டு வாங்குங்கள். கூரைக்கு ஒட்டுகிற தார் ஷீற் மலிவு என்று வாங்கி ஒட்டியவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் அது இளகி, ஜன்னல் கண்ணாடி இறங்கும் தண்டவாளத்தில் வடிந்து, வண்டிக்குள் வீதி போடுகிற மணம் வரும். ஸ்பீக்கருக்கும் தகரத்துக்கும் இடையில் ஒரு வளையம் வேண்டும், எம்.டி.எஃப். பலகையில் வெட்டினால் மாரிமழையில் ஊதிவிடும், பிளாஸ்ரிக் வளையம் நல்லது. கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றை மட்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் அடுத்த மாரிக்குக் கதவு கறள்பிடித்துவிடும்.

ஸ்பீக்கர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? வாற்றையா?

சென்சிற்றிவிற்றி என்று ஓர் இலக்கம் இருக்கும், 88 டெசிபல், 91 டெசிபல் என்று. 1 வாற் கொடுத்து 1 மீற்றர் தள்ளி நின்று அளந்தால் வரும் சத்தம் அது. 88க்குப் பதில் 91 வாங்கினால், அம்பை இரட்டிப்பாக்கின பலன் சும்மா கிடைக்கும். செற்றை மட்டும் வைத்து ஓடுகிறவருக்கு 300 வாற் தாங்கும் ஸ்பீக்கர் வேண்டாம். தடித்த கொயிலும் கனத்த கோனும் உள்ள ஸ்பீக்கரை 20 வாற்றால் அசைக்கவே முடியாது. லேசான, சத்தமாகப் பாடுகிற ஸ்பீக்கரே அவருக்குப் பொருத்தம்.

பின்பக்க மட்டையில் 6×9 அங்குல முட்டை வடிவ ஸ்பீக்கர் போட இடம் இருந்தால் போடுங்கள். ஆனால் முன்கதவுகளைக் கைவிட்டுவிட்டுப் பின்னால் மட்டும் கூட்டினால், பின்சீற்றில் இருப்பவர் காதைப் பொத்துவார், ஓட்டுகிறவர் இன்னும் கூட்டச் சொல்லுவார்.

அம்பில் கெயின் என்று ஒரு திருகு இருக்கிறது. அதை முழுக்கத் திறந்தால் சத்தம் கூடும்தானே?

அது வொலியூம் இல்லை. செற்றில் இருந்து வருகிற சிக்னல் எவ்வளவு உயரம் என்று அம்புக்குச் சொல்லிக்கொடுக்கிற திருகு. முழுக்கத் திறந்தால், வொலியூம் பாதியிலேயே அலையின் தலை சீவுப்படத் தொடங்கும். எனக்கு வருகிற எரிந்த ஸ்பீக்கர்களின் கதை பெரும்பாலும் இந்தத் திருகில்தான் தொடங்குகிறது.

சரியாக வைக்க ஒரு மல்ட்டிமீற்றர் போதும். ஸ்பீக்கரின் ஆர்.எம்.எஸ். வாற், அம்பின் ஆர்.எம்.எஸ். வாற் இரண்டிலும் எது குறைவோ அதை எடுங்கள். ஓமால் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். உதாரணத்துக்கு, அம்ப் 75 வாற், ஸ்பீக்கர் 60 வாற், 4 ஓம். 60ஐ 4ஆல் பெருக்கினால் 240. அதன் வர்க்கமூலம் 15.5. அம்பில் இருந்து 15.5 வோல்ற்றுக்கு மேல் வரக்கூடாது. அவ்வளவுதான் கணக்கு. 2 ஓமில் 300 வாற் சப் வூபர் (பேஸுக்கென்றே தனியாக வைக்கிற ஸ்பீக்கர்) என்றால் 24.5 வோல்ற்.

வேலை இப்படி: இன்ஜினை ஓடவிடுங்கள். ஸ்பீக்கர் வயர்களை அம்பில் இருந்து கழற்றுங்கள். இதை மறந்து ட்வீற்றரை எரித்தவர்கள் உண்டு, அந்த வரிசையில் முதல் ஆள் நான். ஈக்குவலைசர் எல்லாம் பூச்சியம். அம்பின் பில்டர்களை (எச்.பி.எஃப்., எல்.பி.எஃப்., கீழே சொல்கிறேன்) நிறுத்துங்கள். கெயினை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். செற்றின் வொலியூமை முக்காலில் வையுங்கள், 40இல் 30. பென்டிரைவில் ஒரு சோதனை ஒலி, 100 ஹேர்ட்ஸ், 0 டெசிபல், ஏற்றி வைத்திருங்கள். சப் வூபருக்கு 50 ஹேர்ட்ஸ். மீற்றரை ஏ.சி. வோல்ற்றில் வைத்து அம்பின் ஸ்பீக்கர் முனைகளைத் தொட்டுக்கொண்டு, கெயினை மெதுவாகத் திருப்புங்கள். 15.5 வந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் 1000 ஹேர்ட்ஸ் ஒலியைப் போடச் சொல்லுவார்கள். மலிவான மீற்றர்கள் வீட்டுக் கரண்ட்டின் 50 ஹேர்ட்ஸை அளக்கச் செய்தவை. 1000இல் அவை பிழையாகக் காட்டலாம். அதனால்தான் 100. இனி வொலியூம் 30ஐத் தாண்டக்கூடாது என்பது மட்டும் வீட்டுக்காரருக்குச் சொல்லவேண்டியது.

பேஸைக் கூட்டினால் ஸ்பீக்கர் 'டப் டப்' என்று அடிக்கிறது. ஏன்?

கதவில் இருக்கும் 6.5 அங்குல ஸ்பீக்கரிடம் அதனால் முடியாத வேலையைக் கேட்கிறீர்கள். ஒரே சத்தத்தை ஒரு படி கீழே, 80 ஹேர்ட்ஸில் இருந்து 40க்கு, இறக்கினால் கடதாசி நான்கு மடங்கு தூரம் பாயவேண்டும். அதன் எல்லை சில மில்லிமீற்றர். கொயில் காந்தத்தின் அடித்தட்டில் போய் முட்டுகிற சத்தம்தான் அந்த 'டப்'.

செற்றிலோ அம்பிலோ எச்.பி.எஃப். என்று இருக்கும். அதை 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். 80க்குக் கீழே உள்ளது கதவுக்குப் போகாது. கதவு ஸ்பீக்கர் ஆறுதலாகி, இன்னும் எவ்வளவோ சத்தமாகப் பாடும். ஒரு பொத்தானை அமத்தி இவ்வளவு பலன் கிடைக்கிற வேலை இந்தத் தொழிலில் வேறில்லை. கீழே உள்ள பேஸ் வேண்டுமென்றால் அதற்கு ஒரு சப் வூபர், 80க்குக் கீழே உள்ளதை மட்டும் விடுகிற எல்.பி.எஃப். 80இல். பெட்டியில் அடைத்த ஒரு 8 அங்குலமே வானுக்குக் காணும்.

வயர் எந்த அளவு? பழைய வீட்டு வயர் இருக்கிறது, போடலாமா?

போடாதீர்கள். 300 வாற் அம்ப், மின்சாரத்தைக் குறைவாக வீணாக்குகிற டி வகுப்பு என்றால் முழு வேகத்தில் 27 அம்பியர் இழுக்கும். பழைய ஏபி வகுப்பு என்றால் 40ஐத் தொடும். 8 கேஜ் போடுங்கள் (கேஜ் இலக்கம் குறையக் குறைய வயர் தடிக்கும்). 500, 600 வாற்றுக்குப் போகிறீர்களென்றால் 4 கேஜ். மெல்லிய வயரில் வோல்ற் விழும். வோல்ற் விழுந்தால் அம்பின் உயரம் குறையும். உயரம் குறைந்தால் அலையின் தலை சீவுப்படும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறோம்.

கடையில் செப்பு வயர் என்று தருவது பல தரம் செப்புப் பூசிய அலுமினியம். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். ஒரு அளவு தடித்ததை வாங்கவேண்டிவரும்.

பியூஸ் பற்றரியில் இருந்து ஒரு முழத்துக்குள் இருக்கவேண்டும். பலரும் அதை அம்புக்குப் பக்கத்தில் போடுகிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது அம்பை இல்லை, வயரை. இன்ஜின் தகரத்தில் வயரின் தோல் உரசித் தேய்ந்து ஏர்த்தில் பட்டால், பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இல்லாவிட்டால் முழு வயரும் தணலாகும். தகரத்தைத் துளைத்து வருகிற இடத்தில் ரப்பர் வளையம் போட மறக்காதீர்கள். ஏர்த் வயரைப் பெயின்ற்றின் மேல் முறுக்காமல், வெறும் தகரம் தெரியச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.

ஒரே சனலில் இரண்டு ஸ்பீக்கர் கொடுக்கலாமா?

இரண்டு 4 ஓமைப் பக்கம் பக்கமாகக் கொடுத்தால் 2 ஓம். அம்ப் 2 ஓம் தாங்கும் என்று எழுதியிருந்தால் சரி. செற்றில் நேரடியாகக் கொடுக்கவே வேண்டாம், ஐ.சி. போய்விடும். தொடராகக் கொடுத்தால் 8 ஓம், பயமில்லை, ஆனால் சத்தமும் இல்லை.

பாட்டு அடிக்கும்போது ஹெட்லைற் மங்கி மங்கி எரிகிறது. கபாசிற்றர் பூட்டலாமா?

அந்தக் காசுக்குப் புது பற்றரியும் நல்ல ஏர்த் வயரும் போடுங்கள். கபாசிற்றர் ஒரு நொடிக்குள் அடங்குகிற இடியைத் தாங்கும். அதற்குப் பிறகு அதுவும் பற்றரியிடம்தான் கை நீட்டும்.

அக்வா, அக்சியோ ஹைபிரிட் வண்டிகளில் அம்ப் பூட்டலாமா?

பூட்டலாம், அளவோடு. அவற்றில் ஆள்ரநேற்றர் இல்லை. பெரிய பற்றரியில் இருந்து ஒரு கன்வேர்ட்டர்தான் 12 வோல்ற் பக்கத்தை ஊட்டுகிறது. 12 வோல்ற் பற்றரியும் சின்னது. 300, 400 வாற் டி வகுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர் கண்ணில் பட்டால் கிட்டவே போகாதீர்கள். அது ஆளைக் கொல்லக்கூடிய வோல்ற்.

ஜப்பானில் இருந்து வந்த செற்றில் ரேடியோ பாதிதான் பிடிக்கிறது. பழுதா?

பழுதில்லை. ஜப்பானில் எஃப்.எம். 76இல் தொடங்கி 90, புதியவற்றில் 95 வரைக்கும்தான். நம்முடைய வானொலிகளில் பல அதற்கு மேலே 108 வரை இருக்கின்றன. பான்ட் எக்ஸ்பான்டர் என்று ஒரு சின்னப் பெட்டி அன்ரெனா வயரில் பூட்டுவார்கள். சமாளிக்கலாம், ஆனால் இரைச்சல் கொஞ்சம் கூடும்.

ஓட்டோவுக்கும் ட்ரக்டருக்கும்?

இரண்டும் திறந்த வண்டி. சத்தம் தங்க நாலு சுவர் இல்லை. அதனால் சப் வூபருக்குச் செலவழிப்பது வயலுக்குக் குடை பிடிக்கிற மாதிரி. சென்சிற்றிவிற்றி கூடிய 6.5 அங்குல ஸ்பீக்கர் இரண்டை, அடைத்த சின்னப் பெட்டிகளில் பூட்டி, காதுக்குக் கிட்ட வையுங்கள். தூரம் பாதியானால் திறந்த வெளியில் 6 டெசிபல் சும்மா கூடும். இரணைமடுப் பக்கம் உழவு அடிக்கிற ஒரு தம்பிக்கு மட்காட்டில் இருந்த ஸ்பீக்கரைக் கழற்றிக் கூரைக்குக் கீழே, தலைக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்தேன். அம்பைத் தொடவில்லை. "அண்ணை, இவ்வளவு நாளும் நான் கொக்குக்குத்தான் பாட்டுப் போட்டிருக்கிறன்" என்றார்.

லான்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு ட்ரக்டருக்கு) தனிப் பற்றரி கட்டுகிறவர்கள் அதை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். வரம்பு ஏறும்போது வயர் கழன்று தகரத்தில் பட்டால் பெட்டியில் இருக்கும் வைக்கோலுக்கு அது போதும்.

இன்ஜினை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் போடலாம்?

முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி வரும் நேரத்துக்குப் பயமில்லை. பொங்கல் பானை பொங்கும்வரை என்றால், வண்டியைத் தள்ள ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். நிறைந்த பற்றரி 12.6 வோல்ற் காட்டும், 12.2க்கு வந்தால் பாதி முடிந்தது. 45 அம்பியர்-மணி பற்றரியில் 10 அம்பியர் இழுத்தால் இரண்டு மணித்தியாலத்தில் அந்த இடத்துக்கு வந்துவிடுவீர்கள். பற்றரி இறங்க இறங்க அம்பின் உயரமும் இறங்கும். அதே வொலியூமில் முன்பு சுத்தமாகப் பாடினது இப்போது உடையும். கோயில் வளவில் எரிகிற கொயில்களின் முழுக் கதையும் இதுதான்: நின்ற வண்டி, இறங்கின பற்றரி, "இன்னும் கூட்டு" என்கிற கூட்டாளிகள்.

அம்ப் இடையில் தானாக நின்று, கொஞ்ச நேரத்தில் திரும்பப் பாடுகிறது.

சூடு. உள்ளே இருக்கும் காவல் நிறுத்துகிறது. நல்ல அம்ப் என்று அர்த்தம். சீற்றுக்குக் கீழே கம்பளத்தில் புதைத்து வைத்திருப்பீர்கள். இரண்டு விரல் உயர்த்திக் காற்றுப் போக விடுங்கள். மடிப்புகளில் அடைந்த புழுதியை மாதம் ஒருமுறை தூரிகையால் தட்டுங்கள். அதற்குப் பிறகும் நின்றால் ஸ்பீக்கர் வயர் எங்கோ தகரத்தில் முட்டுகிறதா என்று தேடுங்கள்.

காதுக்குக் கெடுதி எவ்வளவு? பொலிஸ் பிடிக்குமா?

தொழிலிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நயோஷ் நிறுவனம் வைத்த அளவு: 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணித்தியாலம், 100இல் 15 நிமிடம். கண்ணாடியை ஏற்றிவிட்டு நல்ல அம்பில் 100 வருவது லேசு. கிளிநொச்சியில் இருந்து வவுனியா போய்ச் சேரவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இறங்கும்போது காதில் 'கீ' என்று கேட்டால் அன்றைய கணக்கு மீறிவிட்டது.

பொலிஸைப் பற்றி: ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை என்று 2007இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது வானுக்கா கோயிலுக்கா என்று வீதியில் நின்று சட்டம் கதைக்காமல், ஊருக்குள் வரும்போது குறையுங்கள். ஹோர்ன் அடிப்பதும் கேட்காத அளவுக்குப் போட்டு ஓடுகிற ஓட்டுநரை நானே பிடித்துக் கொடுப்பேன்.

எரிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? திருத்தலாமா?

வயரைக் கழற்றிவிட்டு மீற்றரை ஓமில் வைத்துத் தொடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் 3.2இல் இருந்து 3.8க்குள் காட்டினால் கொயில் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அப்புறம் இரண்டு பெருவிரலாலும் கடதாசியை நடுவில் இருந்து சமமாக விலகி வைத்து மெதுவாக உள்ளே அமத்துங்கள். பஞ்சு மாதிரிப் போய் வந்தால் நல்லது. மணல் அரைபடுகிற மாதிரிக் கரகரத்தால் கொயில் வெந்து உரசுகிறது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் எரிந்த பசையின் மணமும் வரும். அந்த மணம் ஒருதரம் பழகினால் கதவு மட்டையைக் கழற்ற முன்னமே தெரியும்.

பெரிய சப் வூபருக்கும் கோயில் சவுண்ட் காரரின் பெரிய ஸ்பீக்கருக்கும் கொயில் மாற்றுவது கட்டுப்படியாகும். 6.5 அங்குலத்துக்குப் புதிது வாங்குவது மலிவு. பழையதை எறியாதீர்கள், கூட்டை உடைத்துக் காந்தத்தை எடுத்து வையுங்கள். என் கடை மண்ணில் விழுகிற ஸ்குரூ, வாஷர் எல்லாம் பின்னேரத்தில் பொறுக்குவது, போன வைகாசியில் எரிந்த ஒரு 6×9இன் காந்தம்தான். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடந்தால் போதும்.